கோவைக்கு வந்த ஸ்ட்ரைக்கரும் பதினோரு பள்ளி பார்த்த டீச்சரும்



மூன்று வாரமாக நான் இங்கே எதுவும் எழுதவில்லை. டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று நான்கைந்து பேர் போன் செய்துவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். எதற்காக என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை பரணிலிருந்து இறக்கிய ஒரு அட்டைப்பெட்டியில் என் பேரனுடைய நாற்பது பக்க நோட்டு ஒன்று கிடைத்தது. மேலட்டையில் "மான்சி கணக்கு" என்று கோணல்மாணலாக எழுதியிருந்தான். கூட இருந்த என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "யாருங்க அண்ணி இந்த மான்சி? பையனுக்கு அப்பவே கேர்ள் பிரண்டா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த மான்சி ஒரு ஆம்பளை. தாடி வைத்த கால்பந்து வீரர். முழுப்பெயர் பெட்ரோ மான்சி. உருகுவேயில் பிறந்த ஸ்பானியர். 2018இல் நம் கோயம்புத்தூருக்கு ஆட வந்தார். அவர் எத்தனை கோல் போட்டார் என்பதைத்தான் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் பேரன் அந்த நோட்டில் கட்டம் கட்டி எழுதி வைத்திருக்கிறான்.

கிரிக்கெட் மட்டும் பார்க்கும் என் சொந்தங்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். நம் நாட்டுக் கால்பந்தில் அப்போது ஐ.எஸ்.எல்., ஐ-லீக் என்று இரண்டு போட்டிகள் அருகருகே நடந்தன. ஐ.எஸ்.எல். பணம் புழங்கும் இடம். நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் அணிகளை வாங்கியிருந்தார்கள். ஐ-லீக் பழைய வீடு. கௌரவம் உண்டு, காசு குறைவு. 2019-20இலிருந்து ஐ.எஸ்.எல். தான் முதல் லீக் என்று ஆகி, ஐ-லீக் ஒரு படி கீழே போய்விட்டது. அந்தப் பழைய வீட்டில் நம் மாநிலத்துக்கு இருந்த ஒரே அணி சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில்தான் சென்னை. சொந்த மைதானமாக வைத்து ஆடியது நம் வ.உ.சி. பூங்காவுக்குப் பக்கத்திலிருக்கும் நேரு ஸ்டேடியத்தை. 2017-18இல் பத்து அணிகளில் எட்டாவதாக வந்தார்கள். வகுப்பில் எட்டாவது ரேங்க் இல்லை, பத்துப் பேரில் எட்டாவது. மதிப்பெண் அட்டையை வீட்டில் காட்டாமல் ஒளித்து வைக்கும் இடம்.

அப்படிப்பட்ட அணி அடுத்த ஆண்டு என்ன செய்தது? சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து நான்கைந்து வீரர்களைக் கூட்டிவந்தார்கள். ரியல் மாட்ரிட், பார்சிலோனா என்று உங்கள் பிள்ளைகள் பனியன் போட்டுக்கொண்டு திரிகிறார்களே, அந்த ஸ்பெயின் இல்லை. அதற்கு அடியில் இன்னொரு ஸ்பெயின் இருக்கிறது. அங்கே அப்போது மூன்றாம் நிலையில் மட்டும் 80 அணிகள், நான்கு பிரிவாக ஆடின. அதற்குக் கீழேயும் நிலைகள் உண்டு. அங்கே ஆடுகிறவர்களுக்குத் திறமை இருக்கும், சம்பளம் பெரிதாக இருக்காது. வருடத்துக்கு ஒரு கிளப், இரண்டு வருடத்துக்கு ஒரு கிளப் என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். கையில் கொஞ்சம் காசு வைத்திருக்கும் சின்ன அணி ஆள் தேடுவதும் அங்கேதான். ஏஜென்ட் ஒருவர் வீடியோ அனுப்புவார். பயிற்சியாளர் பார்ப்பார். பிடித்தால் பேச்சு. அதன்பிறகு பழைய நாட்டுக் கால்பந்து சம்மேளனத்திலிருந்து புதிய நாட்டுச் சம்மேளனத்துக்கு ஒரு சர்வதேச மாறுதல் சான்றிதழ் வர வேண்டும். அது வராமல் களத்தில் இறங்க முடியாது. பேரன் இதைச் சொன்னபோது எனக்கு உடனே புரிந்துவிட்டது. நமக்குப் பணிவிடுப்பு ஆணையும் எல்.பி.சி.யும் வராமல் புதுப் பள்ளியில் சம்பளம் போட மாட்டார்கள் இல்லையா, அதுதான்.

2018 அக்டோபர் 26, வெள்ளிக்கிழமை. ஐ-லீக்கின் முதல் ஆட்டமே நம் ஊரில். எதிரணி இந்தியன் ஆரோஸ், நம் நாட்டின் இளைஞர் அணி. மாப்பிள்ளைக்கு ஷிப்ட், மகளுக்குத் தலைவலி. "அம்மிச்சி, நீங்களாச்சும் வாங்க" என்று பேரன் கையைப் பிடித்து இழுத்தான். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் உட்கார்ந்து எனக்கும் சலித்துப்போயிருந்தது. போனேன்.

காலரியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம், "டீச்சர்! நீங்க எங்கீங்க டீச்சர் இங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பினால் என்னிடம் நான்காம் வகுப்பு படித்த பையன். கணபதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். கை நகத்தில் கிரீஸ். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு சாப்பிடாமல் பந்து உதைத்துக்கொண்டிருப்பான். பேர் சொல்ல மாட்டேன், படிக்கும்போது அவனுக்கே தெரியும்.

அவனுக்கு ஒரே கோபம். "பாருங்க டீச்சர், நம்மூர்ப் பசங்க எத்தன பேரு காலங்காத்தால கிரவுண்டுல காயறானுங்க. இவங்க எங்கிருந்தோ ஆளக் கூட்டிட்டு வந்து கோல் அடிக்க நிறுத்தறாங்க. அதுவும் ஸ்பெயின்லயே எந்த டீம்லயும் நிலைக்காத ஆளுங்களாமா" என்றான். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டியது மட்டுமில்லை, "ஒரு இடத்துல ஒழுங்கா இருந்தா எதுக்குப்பா இத்தனை இடம் மாறணும்?" என்று வேறு சொன்னேன். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் அதற்குப் பதினைந்து வருடம் முன்னாலும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. எனக்குக் கால்பந்து தெரியாது. ஆனால் முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரே அறையில் நாற்பது பிள்ளைகளைக் கவனித்தவள். யார் சும்மா இருக்கிறான், யார் சும்மா இருப்பதுபோல் இருக்கிறான் என்று கண்டுபிடிக்கத் தெரியும். அந்த மான்சி பந்துக்குப் பின்னால் ஓடவே இல்லை. எதிரணியின் பின்காவலர் இரண்டு பேருக்கு நடுவே நின்றுகொண்டு தோளுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நாலடி முன்னால் வருவார், பின்னால் போவார். காவலர் ஒருவர் கூடவே வருவார். அவர் வந்த இடத்தில் ஒரு சந்து திறக்கும். அந்தச் சந்தில் நம் பையன் ஒருவன் பந்தோடு நுழைவான். யாராவது தப்பாகப் பாஸ் கொடுத்தால் கையை விரித்துத் திட்டவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, எங்கே போட்டிருக்க வேண்டும் என்று கையால் காட்டினார். மொழி தெரியாத ஆசிரியர் பாடம் நடத்துவதுபோல் இருந்தது.

அன்றைக்கு 4-1. அதில் மூன்று கோல் மான்சியுடையது. வந்த முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக்.

மூன்றாவது கோலுக்கு எங்கள் லேத்துக்காரர் எழுந்து நின்று விசில் அடித்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. உட்கார்ந்த பிறகு என் பக்கம் குனிந்து சொன்னான். "டீச்சர், கவனிச்சீங்களா? எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்புடறாரு. வந்து எத்தன நாள் ஆயிருக்கும்? நம்ம அஞ்சாங்கிளாஸ் தின்னவேலி டீச்சர் மாதிரியே இருக்காருங்க."

அவன் சும்மாதான் சொன்னான். எனக்குத்தான் அடிவயிற்றில் என்னவோ செய்தது. அந்த ஆண்டு அவனோடு படித்தவர்களுக்கு "தின்னவேலி டீச்சர்" யாரென்று தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

2003 ஜூன் மாதம். நம் பள்ளிக்கு மாறுதலில் ஒரு ஆசிரியை வந்தார். திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு ரயில்வேயில் வேலை. அவர் போன ஊருக்கெல்லாம் இவரும் மாறுதல் கேட்டுக்கேட்டு, நம் பள்ளி அவருக்குப் பதினோராவது பள்ளி. என்னைவிட நான்கு வயது மூத்தவர். தலைமையாசிரியர் அவருக்கு ஐந்தாம் வகுப்பைக் கொடுத்தார். அது ஒன்பது வருடமாக என் வகுப்பு. எனக்கு நான்காம் வகுப்பு வந்தது. மேலிருந்து கீழே இறக்கிவிட்டதுபோல் எனக்கு ஒரே ஆத்திரம்.

ஓய்வறையில் அவர் காதுபடவே பேசினோம். "ஒரு இடத்துல ஒழுங்கா இருந்தா எதுக்கு இத்தனை இடம் மாறணும்?" என்று முதலில் சொன்னது நான்தான். அவருடைய பேச்சைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவர்களை அடக்கவில்லை.

முதல் வாரம் அவர் என்னிடம் வந்து, "டீச்சர், மணிச்சட்டம் இருந்தா தருவியளா? பிள்ளைகளுக்குக் கழித்தல்ல கடன் வாங்கறது வர மாட்டேங்கு" என்று கேட்டார். மணிச்சட்டம், எழுத்து அட்டைகள், நான் ராத்திரி உட்கார்ந்து வரைந்த வரைபடங்கள் எல்லாம் பீரோவில் இருந்தன. சாவி என் கைப்பையில் இருந்தது. "சாவி எச்.எம். கிட்ட இருக்குங்க. கேட்டு வாங்கித் தர்றேன்" என்று சொன்னேன். வாங்கித் தரவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அந்த வகுப்பைத் தாண்டிப் போகும்போது பார்த்தேன். தரையில் வட்டமாகப் பிள்ளைகள். நடுவில் புளியங்கொட்டைக் குவியல். பத்துப் பத்தாகச் சின்னத் தீப்பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார்கள். கடன் வாங்கும்போது ஒரு தீப்பெட்டியைத் திறந்து கொட்டினார்கள். அவ்வளவுதான், கழித்தல் வந்துவிட்டது. என் பீரோவிலிருந்த மணிச்சட்டத்தைவிட அது நன்றாகவே புரிந்தது.

இன்னொன்று. சந்தை நாளில் மட்டும் பள்ளிக்கு வராத ஒரு பெண் இருந்தாள். முந்தின வருடம் முழுக்க அவளுக்கு நான் "ஒழுங்கற்ற வருகை" என்று எழுதியிருக்கிறேன். இவர் வந்து மூன்றாவது வாரம் அவள் வீட்டுக்கே நடந்து போனார். அம்மா மில் வேலைக்குப் போகிறார், பாட்டி சந்தைக்குக் கீரை கொண்டுபோகிறார், அன்றைக்குத் தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள இவள்தான் ஆள். "தம்பியையும் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் முழுக்கச் சந்தை நாளில் ஐந்தாம் வகுப்பில் ஒரு கைக்குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் இப்போது செவிலியர். இந்தப் பதிவையும் படிப்பாள்.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு மறுபடி மாறுதல் வந்தது. ஐந்தாம் வகுப்பு எனக்குத் திரும்பக் கிடைத்தது. பிரிவு உபசாரத்தில் மிக்சரும் காபியும் கொடுத்தோம். நான் இரண்டு வார்த்தை புகழ்ந்து பேசினேன். சாவியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இனி மைதானத்துக்குத் திரும்புவோம். அந்த சீசன் முழுக்கக் கோவையில் நடந்த ஆட்டங்களுக்கு நான் பேரனோடு போனேன். லேத்துக்காரர் எங்களுக்கு இடம் பிடித்து வைப்பார். 2019 மார்ச் 9, சனிக்கிழமை. கடைசி நாள். கணக்கைப் பாருங்கள். நம் அணிக்கு 40 புள்ளி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்கு 39. ஜெயித்தால் மூன்று புள்ளி, சமன் என்றால் ஒன்று. நாம் ஜெயித்தால் கோப்பை நமக்கு. நாம் சமன் செய்து, கோழிக்கோட்டில் அவர்கள் ஜெயித்துவிட்டால் கோப்பை அவர்களுக்கு. அங்கே அவர்கள் கோகுலம் கேரளாவை 2-1 என்று ஜெயித்தே விட்டார்கள்.

இங்கே நமக்கு எதிரே முந்தின வருடச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். ஆரம்பித்த சில நிமிடத்திலேயே நம் வலைக்குள் ஒரு கோல். காலரி அடங்கிப்போனது. இடைவேளை வரை 0-1. பேரன் நோட்டை மூடி வைத்துவிட்டு நகம் கடித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் பாதியில் நமக்குப் பெனால்டி. மான்சி நிதானமாகப் போட்டார், 1-1. அடுத்த இரண்டு கோலையும் போட்டது யார் தெரியுமா? மான்சி இல்லை. கௌரவ் போரா என்ற அசாம் பையன். அவன் கோல் போடும் ஆளே இல்லை, தடுக்கும் ஆள். மான்சியைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள் அவனைக் கவனிக்கவில்லை என்று எங்கள் லேத்துக்காரர் விளக்கம் சொன்னார். 3-1. 43 புள்ளி, எதிரிக்கு 42. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி. எட்டாவது ரேங்க் பையன் முதல் ரேங்க். மான்சிக்கு அந்த சீசனில் 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸ் அணியின் வில்லிஸ் பிளாசாவும் 21 போட்டிருந்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேரன் 21 என்று எழுதி மூன்று முறை வட்டம் போட்டிருக்கிறான்.

வெளியூர்க்காரர் வந்ததால் எல்லாம் நன்றாகிவிட்டது என்று கதை முடிக்கலாம். ஆனால் அது முழு உண்மை இல்லை. ஒரு வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் ஆடினால் ஒரு உள்ளூர் ஸ்ட்ரைக்கர் பெஞ்சில் உட்கார வேண்டும். அந்தப் பையனின் அம்மாவும் காலரியில் இருந்திருப்பார். நம் நாட்டில் பல அணிகள் கோல் போடும் இடத்தை வெளிநாட்டவருக்கே கொடுத்துப் பழகியதால்தான் சுனில் சேத்ரிக்குப் பிறகு யார் என்ற கேள்வி வருடக்கணக்கில் பதில் இல்லாமல் நிற்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். லேத்துக்காரரின் கோபத்தில் நியாயம் இருந்தது. என் ஐந்தாம் வகுப்பு போன வருத்தத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன். வருத்தப்படுவது தப்பில்லை. பீரோவைப் பூட்டியதுதான் தப்பு.

அந்த அணியில் ஆடிய நம் பையன்கள் பூட்டவில்லை. எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரோமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார் எல்லோரும் அந்த ஸ்பானியர்களோடு தினமும் பயிற்சி செய்தவர்கள். பிறகு மூவருமே ஐ.எஸ்.எல். அணிகளுக்குப் போனார்கள். மான்சி 2020 ஜனவரியில் ஜப்பானின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். பிறகு மறுபடியும் இந்தியா வந்து கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு ஆடினார். சென்னை சிட்டி அணி இப்போது தேசிய லீக்கில் இல்லை. நேரு ஸ்டேடியம் பக்கம் போனால் எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிடும். ஆனாலும் அந்த 21 கோல் நடந்ததுதானே? யாரும் அழிக்க முடியாது. தின்னவேலி டீச்சர் நம் பள்ளியில் இருந்ததும் இரண்டே வருடம். அந்தக் கழித்தல் இன்னும் அந்தப் பிள்ளைகளிடம் இருக்கிறது.

அந்த ராத்திரி வெற்றிக் கூட்டத்தில் பேரனைத் தொலைக்காமல் பிடித்துக்கொண்டு வரும்போது, நாளைக்கே அவருக்குப் போன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். செய்யவில்லை. நாளை நாளை என்று ஆறு வருடம் போய்விட்டது.

இப்போது வீட்டை ஒழிக்கும் காரணத்துக்கு வருகிறேன். மகள் குடும்பம் புனேவுக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. அவர் போன பிறகு (என் வீட்டுக்காரரைச் சொல்கிறேன்) நான் தனியாகத்தான் இருக்கிறேன். "வந்துடும்மா" என்று மகள் வாரம் தவறாமல் கேட்கிறாள். நான் பிடிகொடுக்கவில்லை. 66 வயதில் புது ஊரா? பாஷை தெரியாது. பக்கத்து வீட்டில் ஒரு கறிவேப்பிலை கேட்க முடியுமா? இந்தத் தெருவில் நான் டீச்சர். அங்கே நான் யார்? யாரோ ஒரு பாட்டி. வெளியே சொல்லாவிட்டாலும் பயம் அதுதான்.

நோட்டு கிடைத்த அன்று பேரனுக்குப் போன் செய்து சொன்னேன். அவனுக்குக் குரலே மாறிவிட்டது. இப்போது காலேஜ் போகிற பையன். "அம்மிச்சி, மான்சி எல்லாம் கம்மிங்க. அப்ரேயு கதை தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தான். செபாஸ்டியன் அப்ரேயு. அவரும் உருகுவேக்காரர், அவரும் ஸ்ட்ரைக்கர். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவுக்கு எதிராகப் பெனால்டியில் முடிவு காண வேண்டிய நேரம். கடைசி உதை அவருடையது. நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, பந்தை ஓங்கி அடிக்காமல், பாயும் கோல்கீப்பரை ஏமாற்றி நடுவில் மெதுவாகத் தூக்கிப் போட்டார். உருகுவே அரையிறுதிக்குப் போனது. அப்படிப்பட்ட ஆள் 2017இல், 40 வயதில், சிலி நாட்டின் தெற்கிலுள்ள துறைமுக ஊரான புவெர்ட்டோ மோன்ட்டில், இரண்டாம் நிலை லீக் அணியில் போய்ச் சேர்ந்தார். அந்த டிசம்பரில் சிலியிலேயே இன்னொரு அணியில் சேர்ந்தபோது அது அவருக்கு 26ஆவது கிளப், கின்னஸ் சாதனை. அதோடும் நிறுத்தவில்லை. 2021இல் 44 வயதில் ஓய்வு பெறும்போது 11 நாடுகள், முப்பதுக்கும் மேற்பட்ட கிளப்கள்.

"இருபத்தாறாவது டீம்ல மொத நாள் டிரஸ்ஸிங் ரூமுக்குள்ள போறப்ப அவருக்கும் கொஞ்சம் பயமாத்தானுங்க அம்மிச்சி இருந்திருக்கும்" என்றான்.

இருந்திருக்குமா? எனக்குத் தெரிந்த ஒருவரிடம்தான் கேட்க முடியும். பழைய சங்க டைரியைத் தேடி எடுத்தேன். அதிலிருந்த எண் மாறிப்போயிருந்தது. இரண்டு பேரைக் கேட்டுப் புது எண் வாங்கி, புதன்கிழமை காலை தின்னவேலி டீச்சருக்குப் போன் செய்தேன். எழுபது ஆகிவிட்டது அவருக்கு. குரல் அப்படியே இருக்கிறது. நலம் விசாரித்து முடித்ததும், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"டீச்சர், 2003ல நீங்க மணிச்சட்டம் கேட்டீங்க. சாவி எச்.எம். கிட்ட இருக்குன்னு சொன்னேன். அது பொய்ங்க. சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தார். "எனக்குத் தெரியும் டீச்சர். நீங்க சொல்லுதப்பவே உங்க பைக்குள்ள சாவி கிலுங்கிச்சு."

எனக்குப் பேச்சே வரவில்லை. அவரே தொடர்ந்தார். "விடுங்க டீச்சர். நான் பாத்த எல்லா ஸ்கூல்லயும் ஒரு பீரோ பூட்டித்தான் கெடந்துச்சு. அதுக்குத்தான் புளியங்கொட்டைய நான் பையிலயே கொண்டு போவேன்."

அவர் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் "எல்லா ஸ்கூல்லயும்" என்ற வார்த்தை என்னை இன்னும் விடவில்லை. பதினோரு இடத்தில் பதினோரு பேர், தப்பு செய்கிறோம் என்று தெரிந்தே பூட்டியிருக்கிறோம். மன்னிப்புக் கேட்டேன். "போங்க டீச்சர், இதுக்குப் போயி" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

புனேவைப் பற்றிச் சொன்னேன். புது இடத்தில் முதல் நாள் பயமாக இருக்குமா என்று கேட்டேன். "ஒவ்வொரு தடவையும் இருக்கும். பதினோராவது தடவையும் இருந்துச்சு. மொத நாளு எல்லாப் பிள்ளைகள் பேரையும் எழுதி வாங்கி, ராத்திரி உக்காந்து மனப்பாடம் பண்ணிருவேன். நம்ம பேர அவங்க கேக்கட்டும்னு காத்துக் கெடந்தா வருசம் போயிரும் டீச்சர்" என்றார்.

அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கூடவே அவள் அபார்ட்மென்டில் காவலாளி, காய்கறிக்காரம்மா, எதிர்வீட்டு ஆட்கள், லிப்டில் பார்க்கும் குழந்தைகள் எல்லோர் பேரையும் சொல்லச் சொன்னேன். "எதுக்கும்மா?" என்று கேட்டாள். நான்கு வருடமாக இருக்கிறாள், அவளுக்கே பாதிப் பேர் தெரியவில்லை. மான்சி நோட்டில் பதினெட்டுப் பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை பதினான்கு பேர். மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். நீங்கள் வாய்ப்பாடு ஒப்பித்தபோது நான் எவ்வளவு கொடுமைக்காரியாக இருந்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அங்கேயும் ஏதாவது ஒரு பீரோ எனக்குப் பூட்டியிருக்கும். அதைப் பற்றி முறையிடும் தகுதி எனக்கு இல்லை.

அடுத்த மாதம் 12ஆம் தேதி ரயில். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்திலிருந்து மதியம் ஒன்று வரை வீட்டில் இருப்பேன். புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. கதைப் புத்தகம், கணக்குப் புத்தகம், நான் வரைந்த அட்டைகள், மணிச்சட்டம்கூட இரண்டு இருக்கிறது. பிள்ளைகள் இருப்பவர்களும், டீச்சர் வேலையில் இருப்பவர்களும் வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியதில்லை. பீரோவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

புனேயில் இருக்கும் என் பிள்ளைகள் கீழே பேர் எழுதுங்கள். நோட்டில் சேர்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்